காற்றுக்கு அஞ்சும் கிருமிகள்: இறைச்சியில் மறைந்திருந்த நோயைக் கண்டறிந்த வரலாறு

உயிர் வாழ இன்றியமையாதது எது என்று வகுப்பில் கேட்டால் சிறு பிள்ளையும் தயங்காமல் "காற்று" என்று விடை கூறும். காற்றிலும் சிறப்பாகப் பிராணவாயுவே உயிருக்கு ஆதாரம் என்பது நாம் அனைவரும் படித்த பாடம். பிராணனையே தன் பெயரில் தாங்கி நிற்கும் வாயு அது. அத்தகைய வாயு சில உயிர்களுக்கு நஞ்சாக அமைகிறது என்பது முதலில் நம்புதற்கு அரியதாகத் தோன்றலாம். ஆயினும் உண்மை அதுவே. இறைச்சியின் வழியாக நம் உடலுக்குள் புகுந்து நோய் விளைக்கும் கிருமிகளுள் மிகக் கொடியது ஒன்றும், மிகப் பரவலானது ஒன்றும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே.

இக்கிருமிகளை இரு வகையாகப் பிரிக்கலாம். பிராணவாயு அறவே இல்லாத இடத்தில் மட்டும் பெருகுபவை ஒரு வகை. பிராணவாயு வேண்டும், ஆனால் நாம் மூச்சுவிடும் காற்றில் உள்ள அளவு ஆகாது, அதில் கால் பங்கு போதும் என்று வாழ்பவை மற்றொரு வகை. இவ்விரு வகையினரையும் ஆய்வுக்கூடத்தில் பிடிப்பது எளிதன்று. ஏனெனில் ஆய்வு செய்பவர் காற்றில் வாழ்பவர். அவருடைய மேசையும் தட்டும் குழாயும் காற்றில் இருப்பவை. அவர் தமக்கு ஏற்ற சூழலில் கிருமியைத் தேடினார். கிருமியோ தனக்கு ஏற்ற சூழலில் அன்றி வளர மறுத்தது. விளைவு என்ன? "நோய்க்கிருமி எதுவும் காணப்படவில்லை" என்று அறிக்கை எழுதப்பட்டது. நோயாளியின் வயிற்றுவலி மட்டும் அறிக்கையைப் படித்து நின்றுவிடவில்லை!

காணப்படவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. இந்த வேறுபாட்டை உணர்ந்து, கிருமியின் போக்கிற்கே இறங்கிச் சென்று அதைப் பிடித்த அறிஞர்களின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஒரு துளி நீரில் கண்ட உண்மை

நுண்ணுயிர்களை முதன்முதலில் கண்ட டச்சு நாட்டவரான லீவன்ஹூக், 1680-ஆம் ஆண்டிலேயே ஒரு விந்தையைக் குறித்து வைத்தார். மிளகுத் தூளையும் மழைநீரையும் கண்ணாடிக் குழாயில் இட்டு, குழாயின் வாயைத் தீயில் உருக்கி அடைத்துவிட்டார். சில நாள் கழித்து உடைத்துப் பார்த்தபோது, உள்ளே அடைபட்டிருந்த வாயு விசையுடன் வெளிப்பட்டது; நீரிலோ சிற்றுயிர்கள் நெளிந்துகொண்டிருந்தன. காற்று அடைபட்ட இடத்தில் உயிர் எவ்வாறு பெருகியது? விடை கிடைக்க 181 ஆண்டுகள் ஆயின.

1861-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், வெண்ணெய் கெடும்போது எழும் நாற்றத்திற்குக் காரணமான அமிலம் எவ்வாறு புளிப்பினால் உண்டாகிறது என்று ஆராய்ந்து வந்தார். அந்தப் புளிப்பு நீரில் ஒரு துளியை எடுத்து, மெல்லிய கண்ணாடியால் மூடி, நுண்ணோக்கியில் வைத்தார். துளியின் நடுவில் இருந்த கோல்வடிவ உயிர்கள் சுறுசுறுப்பாக ஓடித் திரிந்தன. காற்றுப் படும் ஓரத்தில் இருந்தவையோ அசைவற்றுக் கிடந்தன. மற்ற நுண்ணுயிர்கள் காற்றைத் தேடி ஓரத்திற்கு ஓடுவதை அவர் கண்டவர். இங்கே நிலைமை தலைகீழாக இருந்தது. இவ்வுயிர்களுக்குக் காற்றுப் பகை என்று பாஸ்டர் துணிந்தார். காற்றில் வாழ்வன, காற்றின்றி வாழ்வன என்று உயிர்களைப் பிரித்துப் பெயரிடும் சொற்களையும் 1863-இல் அவரே வழங்கினார்.

காற்று ஏன் இவற்றைக் கொல்கிறது என்பதற்கு விளக்கம் மிகவும் பிற்பட்டே கிடைத்தது. உயிரணுக்குள் புகும் பிராணவாயுவில் ஒரு சிறு பகுதி, சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற தீய பொருள்களாக மாறுகிறது. நம் உடலின் அணுக்கள் அவற்றை உடனுக்குடன் அழிக்கும் நொதிகளைப் பெற்றுள்ளன. சூப்பராக்சைடை அழிக்கும் நொதியை 1969-இல் அமெரிக்க அறிஞர்களான மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் கண்டறிந்தனர். அத்தகைய காவல் இல்லாத அல்லது குறைந்த கிருமிகளே காற்றில் மடிகின்றன என்ற கொள்கை 1971-இல் வெளிவந்தது. நெருப்பு அடுப்பில் இருந்தால் சோறு வேகும். கூரையில் பட்டால் வீடு வேகும். காவல் உள்ளவனுக்கே பிராணவாயுவும் நன்மை செய்கிறது.

காற்றை வெளியேற்றும் கலை

காற்று ஆகாது என்று தெரிந்தால் மட்டும் போதுமா? காற்றை விலக்கிக் கிருமியை வளர்க்கும் வழி வேண்டுமே. அதற்கு முதற்படியாக அமைந்த பொருள் நம் வட்டாரத்திலிருந்து சென்றது என்பதை இந்நாட்டு வாசகர் பெருமையுடன் நினைவுகூரலாம். நம் வீடுகளில் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்யும் அகர்-அகர்தான் அது. ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் முதலில் ஜெலட்டினைக் கொண்டே கிருமிகளை வளர்த்தனர். வெப்பம் சற்றுக் கூடினால் அது உருகி நீராகிவிடும். அங்குப் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேயின் துணைவியார் ஃபானி ஹெஸ்ஸே, ஜாவாத் தீவில் வாழ்ந்த குடும்பம் ஒன்றிடமிருந்து அகர்-அகரைப் பற்றி அறிந்திருந்தார். 1881-ஆம் ஆண்டளவில் அதைப் பயன்படுத்துமாறு அவர் யோசனை கூறினார். உடல்வெப்பத்திலும் உருகாத அந்தப் பாகு இன்றுவரை உலகின் எல்லாக் கிருமி ஆய்வுக்கூடங்களிலும் நிலைபெற்றுவிட்டது. சமையலறையில் பிறந்த யோசனை அறிவியலின் போக்கையே மாற்றியது என்றால் அது மிகையன்று.

1888-இல் ஹான்ஸ் புக்னர் என்பார், காரத்துடன் கலந்த பைரோகலால் என்னும் பொருள் பிராணவாயுவை உறிஞ்சிவிடும் தன்மையைப் பயன்படுத்தினார். அதை ஒரு பெரிய குழாயின் அடியில் வைத்து, கிருமிக் குழாயை அதனுள் இட்டு மூடினால், உள்ளிருக்கும் பிராணவாயு நீங்கிவிடும். அடுத்த ஆண்டில், கோக்கிடம் பயின்ற ஜப்பானியரான கிடசாடோ மேலும் ஒரு படி ஏறினார். இசிவுநோயாளியின் புண்ணிலிருந்து எடுத்த சீழில் பல கிருமிகள் கலந்திருந்தன. அவற்றை 80 டிகிரி வெப்பத்தில் வைத்தார். மற்றவை மடிந்தன, இசிவுக் கிருமியோ விதைபோன்ற உறைவித்துகளாக உருமாறியிருந்தமையால் பிழைத்தது. எஞ்சியதை ஹைட்ரஜன் வாயுவில் வளர்த்துத் தனியே பிரித்தெடுத்தார். சூடாக்கிக் களைந்து, காற்றை நீக்கி வளர்ப்பது என்ற இந்த இருமுறை உத்தியே பின்னர் இறைச்சி ஆய்விற்கும் வழிகாட்டியது.

இறுதிச் சடங்கில் உண்ட பன்றித்தொடை

ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குடலில் அடைத்துச் செய்யும் இறைச்சிப் பண்டத்தை உண்டோர் பலர் கண் மங்கி, நா வறண்டு, விழுங்க இயலாமல் மாண்டனர். மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கெர்னர் இந்நோயை 1820-க்குப் பின் விரிவாக ஆராய்ந்து, நஞ்சு காற்றுப் புகாத இடத்திலேயே உண்டாகிறது என்று கூறினார். கிருமி என்னும் கருத்தே நிலைபெறாத காலம் அது. கெர்னர் கண்டது உண்மை. ஆனால் குற்றவாளியைக் காட்ட அவரிடம் கருவி இல்லை.

கருவி கிடைத்த பின் நிகழ்ந்தது பெல்ஜிய நாட்டின் எல்லெசெல் என்னும் சிற்றூர்ச் சம்பவம். 1895-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவ்வூரில் ஒரு முதியவரின் இறுதிச் சடங்கிற்கு வாத்தியக் குழுவினர் வந்திருந்தனர். சடங்கு முடிந்ததும் அவர்கள் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சியை உண்டனர். பலர் கொடிய நோயுற்றனர், மூவர் உயிரிழந்தனர். கென்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரும் கோக்கின் மாணவருமான எமில் வான் எர்மெங்கெம் அந்த இறைச்சியின் மிச்சத்தையும், மாண்டவர் ஒருவரின் மண்ணீரலையும் காற்றில்லாச் சூழலில் ஆராய்ந்தார். இரண்டிலும் ஒரே கிருமி அகப்பட்டது. அதன் நஞ்சைச் செலுத்திய விலங்குகள் மனிதரைப் போலவே உடல் தளர்ந்து மாண்டன.

அவர் கண்ட மற்றொரு செய்தி இன்னும் சிந்திக்கத்தக்கது. அதே பன்றியின் மற்றொரு தொடையை உண்டவர்களுக்கு எத்தீங்கும் நேரவில்லை. அது பீப்பாயின் மேற்பகுதியில் இருந்தது. நஞ்சேறிய தொடையோ அடியில், உப்புநீரில் மூழ்கி, காற்றுப் படாமல் கிடந்தது. ஒரே விலங்கு, ஒரே பீப்பாய், ஒரே உப்பு; இடம் மட்டுமே வேறு. 1897-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, தொத்திறைச்சியைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் அக்கிருமிக்குப் பெயரிட்டது. இன்று அது கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் எனப்படுகிறது. தகரத்தில் அடைக்கும் உணவுகளை 121 டிகிரி வெப்பத்தில் பதப்படுத்துவதற்கும், பதப்படுத்திய இறைச்சியில் அளவறிந்து நைட்ரைட் உப்பைச் சேர்ப்பதற்கும் இக்கிருமியின் மீதுள்ள அச்சமே முதற்காரணம்.

போர்க்களம் தந்த சாடி

முதல் உலகப் போரில் பிரான்சின் உழவு நிலங்களில் காயமுற்ற வீரர்களின் புண்கள் வாயு நிறைந்து வீங்கி அழுகின. இதற்குக் காரணமான கிருமிகளுள் தலையாயதை 1892-இலேயே அமெரிக்காவின் பால்டிமோரில் வெல்ச்சும் நட்டாலும் ஒரு பிணத்தின் இரத்தக் குழாய்களில் கண்டிருந்தனர். அதுவும் காற்றுக்கு ஆகாத கிருமியே. நாள்தோறும் வந்து குவிந்த மாதிரிகளை ஆராய விரைவான முறை வேண்டியதாயிற்று.

1916-இல் லண்டனில் மெக்கின்டாஷும் ஃபைல்ட்ஸும் அதற்கெனச் சாடி ஒன்றை அமைத்தனர். அதனுள் ஹைட்ரஜனைச் செலுத்தினால், பல்லேடியம் என்னும் உலோகத்தின் துணையால் அது எஞ்சிய பிராணவாயுவுடன் கூடி நீராகிவிடும். காற்று உண்மையில் நீங்கியதா என்று அறிய மெத்திலீன் நீலச் சாயக் கரைசலைப் பயன்படுத்தினர். பிராணவாயு இருந்தால் நீலம், இல்லையேல் நிறமில்லை. ஆய்வாளர் கிருமியைத் தேடுமுன் தம் கருவியை ஐயுற்றுச் சோதிக்கும் நல்ல வழக்கம் இதனால் வேரூன்றியது.

அதே ஆண்டில் மூரியல் ராபர்ட்சன் என்னும் பெண் அறிஞர், வேகவைத்த இறைச்சித் துண்டுகளை நீர்ச்சாற்றுடன் குழாயிலிட்டுக் கிருமிகளை வளர்க்கும் முறையைப் பரவலாக்கினார். இறைச்சித் துணுக்குகளில் உள்ள சில பொருள்கள் பிராணவாயுவைத் தாமே பற்றிக்கொள்கின்றன. எனவே திறந்த குழாயின் அடியில்கூடக் காற்றுக்கு அஞ்சும் கிருமி அச்சமின்றிப் பெருகும். இந்த ஊட்டம் இன்றும் வழக்கில் உள்ளது. எந்த இறைச்சி கிருமிக்குப் புகலிடமோ அதையே கண்ணியாக வைத்தார் ராபர்ட்சன்.

அக்கண்ணி ஓர் எச்சரிக்கையையும் உள்ளடக்கியது. ஆய்வுக்குழாயில் நிகழ்வது அடுக்களைப் பானையிலும் நிகழும் அல்லவா?

பள்ளி உணவும் பெரிய பானையும்

1943-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், பள்ளி உணவை உண்ட பிள்ளைகள் வயிற்றுவலியும் பேதியும் கண்டு துன்புற்றனர். நாக்ஸ், மெக்டொனால்டு என்னும் இருவர் இறைச்சிக் குழம்பை ஆராய்ந்தபோது, வாயுப்புண்ணை உண்டாக்கும் அதே கிருமி அதில் மலிந்திருக்கக் கண்டனர். 1945-இல் அமெரிக்காவில் மெக்லங் என்பார், ஆவியில் வேகவைத்து மெல்ல ஆறவிட்ட கோழியிலிருந்து இதே தீங்கு விளைந்ததை எடுத்துரைத்தார். லண்டனின் பெட்டி ஹாப்ஸும் அவர் குழுவினரும் 1953-இல் வெளியிட்ட ஆய்வு ஐயத்திற்கு இடமின்றி இதனை நிறுவியது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்று இன்று வழங்கும் கிருமி அது.

நன்றாகக் கொதித்த குழம்பில் கிருமி எப்படி உயிர் வாழும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிருமி மடியும், அதன் உறைவித்து மடியாது. ஹாப்ஸ் குழுவினர் கண்ட சில வகைகளின் உறைவித்துகள் கொதிநீரில் ஒரு மணி நேரத்திற்கு மேலும் தாக்குப்பிடித்தன. அது மட்டுமன்று. கொதித்தல் குழம்பில் கரைந்திருந்த பிராணவாயுவை வெளியேற்றிவிடுகிறது. இறைச்சியோ மிஞ்சியதையும் பற்றிக்கொள்கிறது. போட்டிக் கிருமிகள் யாவும் மடிந்துவிடுகின்றன. சூடுபட்ட உறைவித்துகள் விழித்தெழுகின்றன. பெரிய பானை ஆறுவதற்குப் பல மணி நேரம் ஆகும். அதன் நடுப்பகுதி 43 முதல் 45 டிகிரி வெப்பத்தில் நெடுநேரம் நிற்கும்போது, இக்கிருமி ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒரு முறை இரட்டிக்கிறது. ஒன்று நூறாயிரமாவதற்கு மூன்று மணி நேரம் போதும் என்று கணக்குத் தெரிந்த பிள்ளையே சொல்லிவிடும். சமையற்காரர் அறியாமலே ஓர் ஆய்வுக்கூடச் சாடியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிடுகிறார்!

இக்கிருமியை எண்ணும் முறை 1971-ஆம் ஆண்டளவில் செம்மையுற்றது. உணவின் பத்துக் கிராமை நீர்மத்துடன் அரைத்துக் கலக்கி, பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று என்று படிப்படியாக நீர்த்துப்போகச் செய்கின்றனர். அதைச் சல்ஃபைட்டும் இரும்புச் சத்தும் சைக்ளோசெரின் என்னும் மருந்தும் கலந்த அகரில் ஊற்றுகின்றனர். மருந்து பிற கிருமிகளைத் தடுக்கிறது. நம் கிருமி சல்ஃபைட்டைச் சல்ஃபைடாக மாற்ற, அது இரும்புடன் கூடிக் கறுக்கிறது. மேலே மற்றோர் அகர்ப் படலத்தை ஊற்றி, காற்றில்லாச் சாடியில் 37 டிகிரியில் ஒரு நாள் வைத்தால் கரும்புள்ளிகள் தோன்றும். அவற்றை எண்ணி, மேலும் சில சோதனைகளால் உறுதிசெய்கின்றனர். கிராமுக்கு ஒரு லட்சத்திற்கு மேல் இருந்தால் அவ்வுணவே குற்றவாளி எனக் கொள்ளலாம்.

இதிலும் ஒரு பொறி உண்டு. இக்கிருமி குளிரைத் தாங்காது. மாதிரி உணவைப் பனிக்கட்டியாக உறையவைத்து அனுப்பினால் வழியிலேயே பெரும்பகுதி மடிந்து, குற்றவாளி தப்பிவிடும். எனவே கிளிசரின் கலந்த நீர்மத்தில் இட்டுக் காக்கும் முறையை வகுத்தனர். தேடும் இடம் மட்டுமன்று, தேடிச் செல்லும் வழியும் கிருமிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

பாதிக் காற்றில் ஒளிந்த பகைவன்

காற்றை முழுவதும் நீக்கக் கற்ற பின்பும் ஒரு கிருமி அறிஞர்களுக்குப் போக்குக் காட்டியது. 1886-இல் மியூனிக் நகரில் தியோடர் எஷெரிக், பேதியால் மாண்ட குழந்தைகளின் குடலில் சுருள்வடிவ உயிர்களை நுண்ணோக்கியில் கண்டார். வளர்க்க முயன்றும் அவை வளரவில்லை. பின்னர் இவ்வினத்தைச் சேர்ந்தவை ஆடு மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்குவதை விலங்கு மருத்துவர்கள் அறிந்தனர். 1938-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பாலினால் பரவிய பேதியின்போது, நோயாளிகளின் இரத்தத்தில் இத்தகைய உயிர்கள் தென்பட்டன. அகரில் மட்டும் முளைக்க மறுத்தன. 1957-இல் எலிசபெத் கிங் என்னும் அமெரிக்க அறிஞர், மனிதரைத் தாக்கும் வகை 42 டிகிரி வெப்பத்தை விரும்புகிறது என்று கண்டார். 1963-இல் இவற்றுக்குக் கேம்பிலோபாக்டர், அதாவது வளைந்த கோல், என்ற பெயர் பாரிசில் இடப்பட்டது.

பெயர் கிடைத்தும் பிடி கிடைக்கவில்லை. காற்றில் வைத்தால் மடியும். காற்றில்லாச் சாடியில் வைத்தால் பட்டினி கிடக்கும். அதற்கு வேண்டியது நூற்றில் 5 பங்கு பிராணவாயு, 10 பங்கு கரியமிலவாயு, 85 பங்கு நைட்ரஜன். நாம் மூச்சுவிடும் காற்றிலோ பிராணவாயு 21 பங்கு. போதாக்குறைக்கு, மலத்திலும் இறைச்சியிலும் உள்ள மற்றக் கிருமிகள் இதைவிட விரைவாக வளர்ந்து தட்டை மூடிவிடும்.

1972-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் டெகைசர், புட்ஸ்லர் ஆகியோர் எளிய சூழ்ச்சி ஒன்றைக் கையாண்டனர். மற்றவற்றைவிட இக்கிருமி மெலிந்தது. எனவே மிக நுண்ணிய துளைகளுடைய வடிகட்டியில் நோயாளியின் மலக்கரைசலைச் செலுத்தினர். பருத்த கிருமிகள் தங்கின. மெலிந்தது நழுவி வந்தது. முறை சிறந்ததே, எல்லா மருத்துவமனைகளிலும் அன்றாடம் செய்வதற்குத்தான் கடினம்.

1977-இல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகர மருத்துவமனையைச் சேர்ந்த மார்ட்டின் ஸ்கிரோ அந்தக் கடினத்தையும் நீக்கினார். வடிகட்டி வேண்டாம்; பிற கிருமிகளைத் தடுக்கும் மூன்று மருந்துகளை இரத்த அகரில் சேர்த்தார்; 43 டிகிரியில், குறைந்த பிராணவாயுவில் வைத்தார். பேதி கண்ட 803 பேருள் 57 பேரிடம் கிருமி அகப்பட்டது. பேதியில்லாத 194 பேருள் ஒருவரிடமும் இல்லை. அந்த 57 பேரும் ஸ்கிரோவின் தட்டிற்கு முன் வழக்கமான ஆய்வுக்கூடம் எதற்குச் சென்றிருந்தாலும் பெரும்பாலும் "ஒன்றுமில்லை" என்ற விடையையே பெற்றிருப்பர். கோழியே முக்கியமான இருப்பிடம் என்பதையும் அவர் சுட்டினார். கோழியின் உடல்வெப்பம் 41, 42 டிகிரி அளவில் இருப்பதை எண்ணினால், அக்கிருமி ஏன் அந்த வெப்பத்தை விரும்புகிறது என்பது விளங்கும்.

வாயுக்கலவை வாங்க வசதியில்லாத ஆய்வுக்கூடங்கள் மெழுகுவர்த்தியை நாடின. தட்டுகளைச் சாடியில் அடுக்கி, மெழுகுவர்த்தியைக் கொளுத்தி மூடிவிடுவர். பள்ளிகளில் இதைச் செய்து காட்டும்போது, திரி அணைந்ததும் பிராணவாயு முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்வது வழக்கம். அது சரியன்று. பெரும்பகுதி எஞ்சியே நிற்கும். சிறிது குறைந்தாலே சுடர் அணைந்துவிடும். எனவே மெழுகுவர்த்தி மட்டும் இக்கிருமிக்குப் போதாது. 1978-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் இரும்பு உப்பு, மெட்டாபைசல்ஃபைட், பைருவேட் ஆகியவற்றை ஊட்டத்தில் சேர்த்து, பிராணவாயுவின் நச்சுப் பொருள்களைப் போக்கிக் கிருமியின் தாங்கும் ஆற்றலை உயர்த்தினர். 1984-இல் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் போல்ட்டனும் துணைவரும் இரத்தத்திற்கு மாற்றாகக் கரித்தூளைச் சேர்த்து அகர் ஒன்றை உருவாக்கினர். அதன் திருத்திய வடிவமே இன்றும் பன்னாட்டு முறையில் முதலிடம் பெறுகிறது.

இன்றைய ஆய்வுமேசை

பன்னாட்டுத் தர நிறுவனத்தின் முறை 1995-இல் வெளிவந்து, 2006-இலும் 2017-இலும் திருத்தம் பெற்றது. குளிரில் வைத்த கோழியிறைச்சியில் உள்ள கிருமிகள் அடிபட்டு நலிந்திருக்கும். ஆகவே அவற்றை முதலில் 37 டிகிரியில் சில மணி நேரம் ஊட்டநீரில் தேற்றி, பின்னரே 41.5 டிகிரிக்கு உயர்த்துகின்றனர். காய்ச்சலிலிருந்து எழுந்தவனுக்கு முதலில் கஞ்சியும் பிறகு சோறும் கொடுப்பது போன்றது இது. பின்பு கரி அகரில் இட்டு, குறைந்த பிராணவாயுவில் இரண்டு நாள் அளவு வைக்கின்றனர்.

முளைத்தது நாம் தேடிய கிருமிதானா என்று உறுதிசெய்யும் சோதனைகளுள் ஒன்று கருதத்தக்கது. அதைச் சாதாரணக் காற்றில் வளர்த்துப் பார்க்கின்றனர். வளராவிட்டால் இதுவே அது! எந்தப் பண்பினால் எஷெரிக் காலம் முதல் அது தப்பித்து வந்ததோ, அந்தப் பண்பே இன்று அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகிவிட்டது.

இவ்வாறு எண்ணக் கற்றதன் பயனை நியூசிலாந்து காட்டியது. 2006-இல் அந்நாட்டில் இந்நோய் மிகுந்து, பதினையாயிரத்திற்கு மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. அதன்பின் கோழியறுப்புக் கூடங்களில் கோழியுடலிலுள்ள கிருமிகளை எண்ணி, வரம்பு மீறாதபடி கட்டுப்படுத்தும் விதிகளை வகுத்தனர். 2008-இல் நோயுற்றோர் தொகை முந்தைய ஆண்டுகளின் சராசரியில் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. எண்ண முடியாததை எவராலும் குறைக்க முடியாது.

ஆயினும் முடிந்த முடிபு என்று கூறுவதற்கில்லை. 1986-இல் ரோலின்ஸ், கோல்வெல் ஆகியோர், உயிருடன் இருந்தும் எந்தத் தட்டிலும் முளைக்காத நிலைக்கு இக்கிருமி செல்லக்கூடும் என்று காட்டினர். மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். முறை சில மணி நேரத்தில் விடை தருகிறது. ஆனால் மடிந்த கிருமியின் மரபணுவையும் அது எடுத்துக்காட்டிவிடும். ஆகவே பழைய சாடியும் புதிய கருவியும் ஒன்றற்கொன்று துணையாக நிற்கின்றன.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாறு ஆய்வாளருக்கு மட்டும் உரியதன்று. திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் பெரிய அண்டாவில் இறைச்சிக் கறி சமைப்பது நம்மவரின் வழக்கம். முதல்நாள் இரவே சமைத்து மூடி வைப்பதும் உண்டு. அந்த அண்டா, மேலே சொன்ன காற்றில்லாச் சாடியே. கறியைச் சிறு பாத்திரங்களில் பகிர்ந்து விரைவில் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைப்பதும், மறுநாள் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்குவதும் வீண் ஆசாரம் அல்ல. பச்சைக் கோழியைக் குழாயடியில் வைத்துக் கழுவினால் நீர்த்துளிகளுடன் கிருமியும் தெறிக்கும். அதை வெட்டிய பலகையிலேயே வெள்ளரியையும் தக்காளியையும் நறுக்குவது தீங்கை வலிய அழைப்பதாகும். 1981-இல் ஆங்கிலேய ஆய்வாளர் ஒருவர் ஐந்நூறு கேம்பிலோபாக்டர் கிருமிகளைப் பாலில் கலந்து தாமே பருகி நோயுற்றார். ஐந்நூறு கிருமிகள் ஒரு துளிக்குள் அடங்கும்.

அறிவுத்துறையில் உள்ளோர் கொள்ளத்தக்க பாடமும் ஒன்று உண்டு. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். காணாததும் பொய்யாகலாம் என்பதை இவ்வரலாறு அதனுடன் சேர்த்துக் கூறுகிறது. "ஒன்றும் காணப்படவில்லை" என்று யாரேனும் அறிக்கை தந்தால், எவ்வாறு தேடினீர், எந்தச் சூழலில் தேடினீர் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. லெஸ்டர் நகரத்துப் பிள்ளைகளின் வயிற்றுவலிக்குக் காரணம் கிடைத்தது, அந்தக் கேள்வியைக் கேட்ட இருவர் அங்கே இருந்ததனால்தான்.